ஏப்ரல் மாதப் புளுகு

ஜார்வெல் டாலிவரைப் பற்றி ஆள் மாற்றி ஆள் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தைதான்: பொறுமை. "பையன் பொறுமைசாலிப்பா. அவசரப்படறதே இல்ல." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் பொய் சொல்வானேன், நானும் அதையே சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன்.

அமெரிக்க ஃபுட்பாலில் லைன்பேக்கருக்குப் பொறுமை இருப்பது அபூர்வம். முன்வரிசையில் தடித்தடியாக ஆட்கள் முட்டி மோதிக்கொள்வார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் இவன், பந்து யார் கக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, பாய்ந்து, அந்த ஆளைச் சாய்க்க வேண்டும். அவசரக்குடுக்கை என்றால் பந்து அசைந்ததும் பாய்வான். எதிராளி வலப்பக்கம் போக்குக் காட்டிவிட்டு இடப்பக்கம் ஓடிவிடுவான். ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் பாய்கிறவன் கிடைத்தால் எங்களுக்கு வாயில் எச்சில் ஊறும். நானே அந்த இடத்தில் ஆடி முழங்கால் இரண்டையும் கெடுத்துக்கொண்டவன்தான். மிசிசிப்பி, லூசியானா கல்லூரிகளில் இப்படிப்பட்ட பையன்களைப் பார்த்துவைத்து, ஏப்ரலில் அணிகள் முறை வைத்து ஆள் எடுக்கும் டிராஃப்டுக்கு முன்னால், யாரை எடுக்கலாம், யார் வேண்டாம் என்று என் அணிக்குச் சொல்வது என் பிழைப்பு.

மார்ச்சில் ஜார்வெலின் கல்லூரியில் எங்களுக்காக ஒரு தேர்வு நாள் வைத்தார்கள். மிசிசிப்பி டெல்டாவில் பருத்திக் காட்டுக்கு நடுவே இருக்கிற சின்னக் கல்லூரி. எல்லா அணிகளிலிருந்தும் என்னை மாதிரி ஆட்கள் வந்திருந்தார்கள். பையன்களை ஜட்டியோடு மேடையில் நிற்க வைத்து எடை போட்டோம், கை நீளம் அளந்தோம், ஓடவிட்டோம். மாட்டுச் சந்தையில்கூடக் கொஞ்சம் மரியாதை இருக்கும்.

"யோவ் ஹாலிஸ், இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். டூயி ராஸ்கோ. வேறோர் அணியின் ஆள்.

"உன் சாவுக்கு வந்து சாப்டுட்டுப் போலாம்னு இருக்கேன்," என்றேன்.

டூயியும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவன் மகள் கல்யாணத்தில் நான்தான் விருந்துக்குப் பன்றியை நெருப்பில் வாட்டினேன். ஆனால் தேர்வு நாளிலிருந்து டிராஃப்ட் முடியும்வரை அவன் என்னிடமோ நான் அவனிடமோ ஒரு வார்த்தை உண்மை பேசியதில்லை. எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். வேண்டிய பையனை "தண்டம், தொடாதே" என்போம். வேண்டாதவனை ஆகா ஓகோ என்று தூக்கிப் பிடிப்போம். முட்டாள் எவனாவது போய் மாட்டிக்கொள்வான். யாரும் இதைப் பாவமாக நினைப்பதில்லை. மே மாதம் உட்கார்ந்து பேசிச் சிரிப்போம்.

அன்று மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் கல்லூரியில் பழைய ஆட்டங்களைப் படம் போட்டுப் பார்க்கும் அறைக்குப் போனேன். ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. செப்டம்பர் ஆட்டங்களில் இந்த ஜார்வெல் துப்பாக்கிக் குண்டு மாதிரி போயிருக்கிறான். பொறுமை எல்லாம் அக்டோபருக்குப் பிறகுதான். "கோச் திருத்திட்டார்" என்று எல்லோரும் சொன்னார்கள். எந்த கோச்சாவது ஒரு வாரத்தில் ஒருவனைத் திருத்தி நான் பார்த்ததில்லை.

டிவியில் வந்த படத்தை விட்டுவிட்டு, மைதானத்தின் கோடியிலிருந்து எடுத்த படத்தைப் போட்டேன். அதில் ஆட்டம் நின்ற பிறகும் எல்லோரும் தெரிவார்கள். அக்டோபர் ஆட்டம் ஒன்றில் ஜார்வெலும் எதிராளியும் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதி விழுகிறார்கள். டிவியில் அந்த இடத்தில் விளம்பரம் வந்துவிட்டது. இதில் ஜார்வெல் எழுந்து, நிதானமாக நடந்து, எதிரணிக் கூட்டத்துக்குள் போய் நிற்கிறான். அவன் அணியில் கடைசி வரிசையில் ஆடும் ட்ரெமெய்ன் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும், ஒவ்வொரு முறையும், பந்து கிளம்புவதற்கு முன்னால் ட்ரெமெய்ன் முன்னே வந்து ஜார்வெலின் இடுப்பில் தட்டுகிறான். வலது இடுப்பில் தட்டினால் ஜார்வெல் வலப்பக்கம் போகிறான், இடதில் தட்டினால் இடப்பக்கம். தட்ட நேரமில்லாதபோது அப்படியே நிற்கிறான். பந்து வைத்திருப்பவன் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ஓடுகிறான். இவன், ஓர் அறைக்குள் வந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று மறந்துபோன ஆள் மாதிரி அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இதைத்தான் நாங்கள் பொறுமை என்று மெச்சிக்கொண்டிருந்தோம்.

கார் நிறுத்தும் இடத்தில் ட்ரெமெய்னைப் பிடித்தேன். "ஏன்டா அவன் இடுப்புல தட்டற?"

"சும்மா, ஒரு பழக்கம் சார்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் என் ஷூவைப் பார்த்தான். "தட்டலைன்னா அவன் நின்னுடுவான் சார். நின்னா எவனாவது அவனை அடிச்சுச் சாச்சிடுவான். நான் வேற என்ன சார் பண்றது?"

ஜார்வெலைத் தனியாகக் கூப்பிட்டு வெள்ளைப் பலகை முன்னால் உட்கார வைத்தேன். எல்லோரிடமும் செய்வதுதான். ஒரு சாதாரண வியூகத்தைப் போட்டுச் சொல்லிக் கொடுத்தேன். திருப்பிச் சொன்னான், சரியாகவே சொன்னான். பலகையை அழித்துவிட்டு அவன் அம்மா சமையலைப் பற்றி விசாரித்தேன். கீரையில் வான்கோழிக் கழுத்து போடுவார்களா, பன்றிக் காலா என்று கொஞ்ச நேரம் வாயாடினோம். நல்ல பையன், சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது. பிறகு பேனாவை நீட்டி, "எங்க, அந்த வியூகத்தைப் போட்டுக் காட்டு," என்றேன்.

"எதை சார்?"

"இப்பச் சொல்லிக் குடுத்தேனேடா."

"நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார்," என்றான் சிரித்துக்கொண்டே. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்."

"டாக்டர்லாம் பாக்கலையா உன்னை?"

"பாத்தாங்க. பாஸாயிட்டேன். சீசனுக்கு முன்னாடி, நல்லா இருக்கறப்போ மூளை எப்படி இருக்குன்னு ஒரு பரீட்சை வைப்பாங்கல்ல? அதுல வேணும்னே தப்புத்தப்பா பண்ணேன். சீனியருங்க எல்லாம் அப்படித்தான் பண்ணச் சொல்வாங்க. அப்புறம் அடிபட்டு மார்க் குறைஞ்சாலும் வித்தியாசம் தெரியாது."

"அட அறிவு கெட்டவனே. இன்னொரு அடி விழுந்தா என்ன ஆகும்னு தெரியுமாடா?"

"ஆடலைன்னா என்ன ஆகும்னு தெரியும் சார். எங்கம்மா கெளுத்தி மீன் கம்பெனியில கத்தியப் பிடிச்சுப் பிடிச்சு விரலே மடங்க மாட்டேங்குது. காலையில சட்டைப் பொத்தான் நான்தான் போட்டு விடறேன்."

"நான் சொல்லத்தான் போறேன்," என்று மட்டும் சொன்னேன். அவன் எழுந்து என் கையைக் குலுக்கி, வந்ததற்கு நன்றி சொன்னான். அந்த மரியாதை என்னைக் கொன்றுவிட்டது.

எங்கள் அணியின் பொது மேலாளர் கார்ல் வென்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நல்ல வேளை பாத்த," என்று எடுக்கலாம் என்று சுவரில் ஒட்டியிருந்த பெயர்களில் ஜார்வெல் பெயரைக் கிழித்தார்.

"மத்த அணிக்கும் சொல்லிடலாம் கார்ல். எவனாவது எடுத்துட்டா பையன் செத்துடுவான்."

"டாக்டர் ரெக்கார்டுல ஒண்ணும் இல்லைங்கற. நாம வாயத் திறந்தா வக்கீல் வருவான். அதுவும் இல்லாம, மத்தவன் தப்பா எடுத்தா நமக்கு என்னய்யா நஷ்டம்?" என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது. கல்லூரி கோச்சுக்குப் போன் போட்டேன். "என் பையன் பொழப்புல மண்ணப் போடறியா?" என்று வைத்துவிட்டான். ஜார்வெலின் அம்மா வெர்னாவிடமும் பேசிப் பார்த்தேன். "அவன் சின்ன வயசுலேர்ந்தே மறதிக்காரன்ங்க," என்றாள் அந்த அம்மா, குரல் நடுங்க. ஆக, அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

மிச்சம் இருந்தது டூயிதான். அவன் அணிக்குத்தான் லைன்பேக்கர் இல்லாமல் கை முறிந்த மாதிரி இருந்தது. ஜார்வெல் மேல் அவர்களுக்கு ஒரு கண் இருந்தது ஊருக்கே தெரியும். டிராஃப்டுக்கு முந்தின வாரம், கிரீன்வுட்டில் நாங்கள் வழக்கமாக மீன் வறுவல் சாப்பிடும் கடைக்கு அவனை வரச் சொன்னேன்.

"டூயி, அந்த டாலிவர் பையனை எடுத்துடாதடா. அவன் மண்டை போயிடுச்சு."

டூயி சோளரொட்டியைப் பிட்டு வாயில் போட்டான். "அப்புறம்?"

"வெளையாடலடா. தட்டி விட்டாத்தான் நகர்றான். சொல்லிக் குடுத்தது கொஞ்ச நேரம்கூட நிக்க மாட்டேங்குது." போனில் இருந்த படத்தைக் காட்டினேன். ட்ரெமெய்ன் தட்டுவதை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன்.

"கூட்டாளி தட்டிக் குடுக்கறான். இதுல என்ன இருக்கு?" என்றவன் போனைத் திருப்பித் தள்ளினான். "ஆனா பொறுமைடா அவனுக்கு. பாத்தியா, எப்படி நிக்கறான்?"

"என் பொண்ணு மேல சத்தியம்டா."

"மூணாம் வருஷம் உங்கம்மா மேல சத்தியம் பண்ணி ஒரு உதவாக்கரையை என் தலையில கட்டின. இப்ப பொண்ணா? வீட்ல இன்னும் எத்தனை பேரு பாக்கி?"

மேசையைக் குத்தினேன், கிளாஸ் கவிழ்ந்தது. இருபது வருஷப் பழக்கத்தில் முதல் தடவையா உண்மை பேசறேன், கேளுடா மடையா என்று கத்தினேன். பக்கத்து மேசைகளில் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் கத்தக் கத்த டூயியின் கண் பளபளத்தது. அவனுக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதுதான் தோன்றியிருக்கும். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"பிரமாதம்," என்றான் டூயி, வாயைத் துடைத்துக்கொண்டு. "இவ்ளோ அழுகை அழுவறன்னா, அவன் மேல உனக்கு எவ்ளோ ஆசை இருக்கணும்."

ஜார்வெலைக் கடைசி நாளில், ஆறாவது சுற்றிலோ ஏழாவதிலோ யாராவது எடுத்தால் உண்டு என்பதுதான் எல்லோர் கணக்கும். அப்படி எடுத்திருந்தால் அவன் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு, சீசனுக்கு முன்பே கழற்றிவிடப்பட்டு வீடு திரும்பியிருக்கலாம். டூயியின் அணி இரண்டாவது சுற்றிலேயே, வேறோர் அணியிடம் கெஞ்சி முன்னுக்கு இடம் வாங்கி, அவனை எடுத்தது. இரண்டாவது சுற்றில் எடுத்தவனை யாரும் உட்கார வைக்க மாட்டார்கள். முதல் ஆட்டத்திலிருந்து முட்டவிடுவார்கள்.

டிராஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அறையில் ஒரே சிரிப்பு. கார்ல் என் முதுகில் தட்டினார். "ஹாலிஸ், டூயியை நல்லா ஏமாத்திட்டய்யா. ஒரு நல்ல இடத்தை அவனுங்க வீணாக்கிட்டானுங்க." ரெண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். டூயியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: முந்திக்கிட்டேன்.

நான் வராந்தாவுக்கு வந்தபோது போன் அடித்தது. பின்னால் பாட்டும் கூச்சலுமாக இருந்தது.

"சார், நான் ஜார்வெல் பேசறேன். முதல்ல உங்களுக்குத்தான் பண்ணணும்னு நெனச்சேன். டூயி சார் சொன்னார், நீங்க என்னைப் பத்தி எல்லாத்தையும் அவர்கிட்ட சொன்னீங்களாம். நீங்க சொன்னது நெஜந்தான்னு எனக்குத் தெரியும் சார். ஆனா அதனாலதான் என்னை இவ்ளோ சீக்கிரம் எடுத்தாங்க. ரொம்ப தேங்க்ஸ் சார்."

குத்திக் காட்டவில்லை. மனசாரத்தான் சொன்னான். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். "நாளையிலேர்ந்து நான் கம்பெனிக்குப் போக வேண்டாம்னுட்டான் என் பிள்ளை. நீங்க நல்லா இருக்கணும். உங்களை அவன் எந்தக் காலத்துலயும் மறக்க மாட்டான்," என்று அழுதாள். நான் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உள்ளே போகப் பிடிக்காமல் சுவரில் சாய்ந்து நின்றேன். மறுபடி போன் அடித்தது. அதே பாட்டு, அதே கூச்சல்.

"சார், நான் ஜார்வெல் பேசறேன். என்னை எடுத்துட்டாங்க சார். முதல்ல உங்களுக்குத்தான் பண்ணணும்னு நெனச்சேன்."

முழுக்கச் சொல்லட்டும் என்று விட்டேன். டூயி சொன்னது, நான் சொன்னது நெஜம் என்று அவனுக்குத் தெரியும் என்பது, தேங்க்ஸ், எல்லாம் அதே வரிசையில், அதே சந்தோஷத்தோடு வந்தது. முடித்துவிட்டு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தான்.

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்டா," என்றேன், இப்போதுதான் கேள்விப்படுகிறவனைப் போல.