வந்து போன காய்ச்சல்

காத்தோங்கிலிருந்து பூவம்மா சொல்லியனுப்பிய செய்தியில் இரண்டே விஷயங்கள்தான் இருந்தன. பிள்ளையை உடனே அனுப்பு. ஒரு பிள்ளைக்குத்தான் இடம் இருக்கிறது.

பூவம்மா சந்திரமதியின் உடன்பிறந்த அக்கா. சிங்கப்பூரின் கிழக்கோரக் காத்தோங்கில், சிலோன் ரோட்டில் இரண்டு அறை வாடகை வீடு. அவளுக்கே நான்கு பிள்ளைகள், போதாததற்குப் படுத்த படுக்கையாக மாமியார். ஒரு பிள்ளையை வைத்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னதே பெரிய மனசு.

சிங்கப்பூர் தனி நாடாகி ஓராண்டு ஆகியிருந்தது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்தில் ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகளை மூக்கில் ரத்தம் வடிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வீடு வீடாக ஏறி வந்தார். சந்திரமதியின் மாடி வீட்டுச் சமையலறையில், சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களுக்கும் அடியில் எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணங்கள் வைத்திருந்தாள். அவற்றைக் கவிழ்த்துவிட்டு, டெங்கிக் கொசு இதில்தான் முட்டை போடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் சர்க்கரையில் எறும்பு மொய்த்தது. சந்தில் எல்லோரையும் போல அவளும் மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

பூவம்மாவின் செய்தி வந்த அன்று மாலை கணவர் சேதுபதி வேலையிலிருந்து வந்ததும் பேச்சு அதைப் பற்றித்தான். அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பவர். எந்தத் தெருவில் எத்தனை காய்ச்சல் என்பதும், காத்தோங் பக்கம் அது இன்னும் எட்டவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

"அமுதாவை அனுப்பிடலாங்க," என்றாள் சந்திரமதி. "லோகாவுக்குத்தான் ஏற்கெனவே வந்து போயிடுச்சே. அம்மை மாதிரிதானே இது. ஒரு தடவை வந்தவங்களுக்கு மறுபடி வராது. சின்னவளுக்கு இன்னும் வரல. அவளுக்குத்தான் பயம்."

சேதுபதி கொஞ்சம் யோசித்தார். "நீ சொல்றது சரிதான்," என்றார்.

லோகநாயகிக்கு ஒன்பது வயது. அமுதாவுக்கு நான்கு. தங்கையின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்த லோகா தலையைத் தூக்கி, "என்னைக் கடிச்சா கொசுவுக்குத்தான் காய்ச்சல் வரும்," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ரத்தினம்மாகூடச் சிரித்தாள். கீழ்வீட்டில் குடியிருந்த ரத்தினம்மா, லோகாவைப் பெற்றவளின் அக்கா. தங்கை இறந்து, சேதுபதி சந்திரமதியைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, தினமும் ஒரு தடவையாவது மாடியேறி வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவாள். சிரித்து முடித்த பிறகுதான் சொன்னாள்.

"பெத்தது காத்தோங்குல, மத்தது கொசுவுல. நல்லாத்தான் இருக்கு லா."

"அவளுக்கு வந்து போயிடுச்சுக்கா," என்றாள் சந்திரமதி.

"நான் என்ன இல்லன்னா சொன்னேன்?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லோகாவுக்கு வந்த அந்தக் காய்ச்சலைச் சந்திரமதி மறக்கவே முடியாது. அதுவரை அந்தப் பெண் அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. பசித்தால் அடுப்படியில் வந்து நிற்பாள், அவ்வளவுதான். தலை பின்னிவிடப் போனால் சீப்பைப் பிடுங்கிக்கொண்டு கீழே பெரியம்மாவிடம் ஓடிவிடுவாள். காய்ச்சல் வந்தபோது, எலும்பெல்லாம் ஒடியுது என்று அழுதுகொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் முந்தானையை விரலில் சுற்றிப் பிடித்தாள். ஆறு நாள் விடவில்லை. ஏழாம் நாள் எழுந்து, தானாக வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்து, "சின்னம்மா, பின்னிவிடுங்க," என்றாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கிதான் என்று சொல்லியிருந்தார்கள். வீரமாகாளியம்மன் கோயிலில் நின்று, அந்தக் காய்ச்சலைக் கொடுத்ததற்காகச் சந்திரமதி அம்மனுக்கு நன்றி சொன்னாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அமுதா காத்தோங் போன ஐந்தாம் நாள், லோகா பள்ளியிலிருந்து திரும்பும்போதே உடம்பு கொதித்தது.

"டெங்கியா இருக்காதுல்ல?" என்று சேதுபதி கேட்டார்.

"அதுதான் வந்துடுச்சேங்க. இது மழைக் காய்ச்சல்."

கஞ்சியும் மிளகு ரசமும் கொடுத்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள். லோகா இந்த முறை முந்தானையைப் பிடிக்கவில்லை. பெரிய பெண் ஆகிவிட்டாளாம். ஆனால், "சின்னம்மா, இங்கேயே இருங்க," என்று மட்டும் அடிக்கடி சொன்னாள். நான்காம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்திருந்தது. சந்திரமதி கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, கணவர் கையையும் இழுத்து வைத்துப் பார்க்கச் சொன்னாள். சேதுபதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அன்று வேலைக்குப் போனார். காய்ச்சல் விட்டுவிட்டது என்று ரத்தினம்மாவும் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனாள்.

மதியம் லோகாவின் கைகள் சில்லென்று ஆயின. வயிறு வலிக்குது என்று புரண்டாள். ஒரு பக்கம் படுக்க முடியவில்லை, எழுந்து உட்காரவும் முடியவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்து, குடித்ததை வாந்தி எடுத்தாள். வாந்தி கோப்பித் தூள் கரைத்தது போல இருந்தது. பாவாடையை விலக்கிப் பார்த்தால் கால் முழுக்கச் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள்.

சந்திரமதி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். பாசாரிலிருந்து வந்துகொண்டிருந்த ரத்தினம்மா காய்கறிப் பையை அப்படியே போட்டுவிட்டு டாக்சியை மறித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஹனீபா என்ற இளம் டாக்டர். தமிழ் முஸ்லிம். குழந்தையின் மணிக்கட்டை நீண்ட நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். நர்சுகள் ஊசி குத்த நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"முன்னாடி எப்பவாவது டெங்கி வந்திருக்கா?" என்று கேட்டார்.

"வந்திருக்கு டாக்டர்." சந்திரமதி அவசரமாகச் சொன்னாள். தன்னிடம் இருந்த ஒரே நல்ல செய்தி அது என்று நினைத்தாள். "ரெண்டு வருஷம் ஆச்சு. ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்னாங்க. அதனால இது அதுவா இருக்காது."

டாக்டரின் பேனா நின்றது. பிறகு தாளில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, அதன் கீழே இரண்டு முறை கோடு போட்டார். கோடு போடும் அளவுக்கு நல்ல விஷயம்தான் சொல்லியிருக்கிறோம் என்று சந்திரமதி ரத்தினம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு லோகா இறந்துபோனாள்.

தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சேதுபதி டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "ஒரு தடவை வந்தது எப்படி டாக்டர் மறுபடி வரும்?"

டாக்டர் போகாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "இது ஒரே கிருமி இல்லீங்க. நாலு வகை இருக்கு. ஒரு வகை வந்தா, அதே வகை திரும்ப வராது. மத்த மூணுக்கும் அது காவல் இல்ல. வகைக்கு வகை வேகமும் வேற. சிலது லேசா விட்டுட்டுப் போகும், சிலது ஆளையே சாய்ச்சுடும். அதோட, முதல்ல ஒரு வகை வந்த பிள்ளைகளுக்கு ரெண்டாவதா வேற வகை வந்தா ரொம்பக் கடுமையா இருக்கு. பாங்காக்ல அதைத்தான் கவனிச்சுட்டு வர்றாங்க. ஏன்னு இன்னும் முழுசாத் தெரியல."

"அப்போ அவளுக்கு முதல்ல வந்ததுதான்..." என்றாள் சந்திரமதி.

"நீங்க செஞ்ச தப்பு இல்லம்மா. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க."

அவர் நல்ல மனிதர். அந்த வார்த்தையை அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். அது மாடிப்படி ஏறும்வரைகூடத் தாங்கவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்கள் நடுவில், யாரையும் பார்க்காமல் ரத்தினம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல்ல நாலு வகையாம். டாக்டர் சொன்னாராம். எனக்குத் தெரிஞ்சு ரெண்டே வகைதான் இருக்கு. பெத்த வகை, பெறாத வகை."

சந்திரமதி சேதுபதியைப் பார்த்தாள். 'நானும்தான் சரின்னு சொன்னேன்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மகளின் கால்மாட்டில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் பதினாறு நாளும் அவர் அவளிடம் பேசவில்லை. கோபித்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. சோறு போட்டால் சாப்பிட்டார். போதும் என்று கையால் மறைத்தார். அவர் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், காலில்கூட விழுந்திருப்பாள். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில் அவள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்று இருந்தது. காய்ச்சல் வந்து போனவள் அமுதாவாக இருந்து, வராதவள் லோகாவாக இருந்தால், லோகாவைக் காத்தோங் அனுப்பியிருப்பேனா? அனுப்பியிருப்பேன் என்று காலையில் பதில் வரும். துணி துவைக்கும்போதும் அதே பதில்தான். பிறகு அலமாரியில் லோகாவின் சீப்பு கண்ணில் படும், பதில் போய்விடும். அமுதாவை அனுப்பலாம் என்று சொன்னபோது தன் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்ததே, அது எதற்காக வந்தது? அந்த நிம்மதியை நினைத்துப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. ரத்தினம்மா சொல்வது பொய் என்று சத்தியம் செய்ய அவளால் முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், இருவரும் பஸ் பிடித்து அமுதாவைக் கூட்டிவரக் காத்தோங் போனார்கள்.

வாசலில் நின்ற அமுதா ஓடி வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "அக்கா வரலியா?" என்று அவர்கள் வந்த வழியையே எட்டிப் பார்த்தாள். சேதுபதி அவளைத் தூக்கிக்கொண்டார். குழந்தை இளைத்திருந்தாள்.

பூவம்மா தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நான் சாவுக்கு வரலைன்னு கோவிச்சுக்காதடி. இவளுக்கும் அப்ப காய்ச்சல். உடம்பெல்லாம் செவப்பாப் பொரிஞ்சு, காலு வலிக்குதுன்னு ஒரே அழுகை. அந்த நேரத்துல உனக்கு எப்படிச் சொல்லி அனுப்புவேன்? டாக்டர் டெங்கின்னுதான் சொன்னாரு. ஆனா லேசா வந்துட்டு அஞ்சே நாள்ல விட்டுடுச்சு. கண்டம் தாண்டிடுச்சு சந்திரா. இவளுக்கு வந்து போயிடுச்சு. இனிமே உனக்குப் பயமே இல்ல."

சந்திரமதி குழந்தையின் கால்களைத் தொட்டுப் பார்த்தாள்.

சேதுபதி குழந்தையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பதினாறு நாளைக்குப் பின் முதல்முறையாக, மனைவியைப் பார்த்துப் பேசினார்.

"அன்னிக்கு நீயும் இதையேதான் சொன்னே," என்றார். "நானும் சரின்னேன்."

அவள் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். ஆனால் அதைக் கேட்டும் மனசு ஆறவில்லை. ஒரு வகை போய்விட்டது. மூன்று வகை பாக்கி. அவை எங்கே இருக்கின்றன, எந்த வருஷம் வரும், எது லேசாக விடும், எது விடாது, யாருக்கும் தெரியாது. குழந்தைக்கு இன்னும் எத்தனை மழைக்காலம் இருக்கிறது!

பூவம்மா கோப்பி கலக்க உள்ளே போனாள். சந்திரமதி பின்னாலேயே போய், சமையலறையில் சட்டென்று மண்டியிட்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டு அலமாரியின் கால்களுக்கு அடியில் நான்கு கிண்ணங்கள். தண்ணீரில் சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அவள் அலமாரியைத் தூக்கப் பார்த்தாள். பாத்திரங்களோடு அது அசையவில்லை.

"என்னடி பண்றே? எறும்பு வந்துடும்."

"வரட்டும்க்கா."

சேதுபதி அமுதாவை இறக்கிவிட்டு வந்து, அலமாரியின் ஒரு மூலையை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தார். அவள் முதல் கிண்ணத்தை இழுத்துத் தரையில் கவிழ்த்தாள். அவர் அடுத்த மூலைக்கு நகர்ந்தார். கூடத்தில் குழந்தை பூவம்மாவின் பிள்ளைகளிடம் தன் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க அக்கா சொன்னுச்சு. இனிமே என்னைக் கடிச்சா கொசுவுக்குத்தான் காய்ச்சல்."