ஓரத்தில் தெரிந்த கட்டைவிரல்

அமெரிக்காவின் டோலிடோ நகரில், அந்த நல உதவி அலுவலகத்தில் காலை ஒன்பதரைக்கே உட்கார இடமில்லை. நான்காவது கவுண்டரில் இருந்த மார்லீன் அதற்குள் களைத்துவிட்டாள். பதினோரு வருடமாக அதே நாற்காலி, அதே கேள்விகள், அதே பதில்கள்.

அவள் எதிரில் வந்து நின்ற வெண்டல் ப்ரூயிட் லாரி ஓட்டி முதுகு போனவர். மனைவி ஜாய்ஸின் இன்சுலின், அரசு மருத்துவ அட்டையில் வருவது. வெள்ளிக்கிழமைக்குள் புதுப்பிக்காவிட்டால் அட்டை ரத்து. அடையாளத்துக்காகப் போனில் எடுத்த டிரைவிங் லைசென்ஸ் படத்தை அலுவலக வலைத்தளம் மூன்று முறை தள்ளிவிட்டது. அதற்கு ஜேபிஜி படம்தான் வேண்டுமாம். அவர் போன் எடுப்பது வேறு வகை. படத்தின் பெயருக்குப் பின்னால் ஜேபிஜி என்று எழுதியும் பார்த்தார். அது ஏமாறவில்லை.

"லைசென்ஸே கையில இருக்கு மேடம். நீங்களே பாத்துக்கங்க."

"லைசென்ஸ இங்க வாங்குறதில்ல, படமாத்தான் ஏத்தணும். இலவசமா மாத்திக் குடுக்கற சைட் நெட்ல எத்தனையோ இருக்கு. ஏதாவது ஒண்ணுல மாத்திக்கோங்க."

மார்லீன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஸ்கேனர் சும்மா கிடந்தது. வருகிறவர்களுக்கு அதில் படம் எடுத்துத் தரச் சொல்லி உத்தரவில்லை. தரக்கூடாது என்றும் உத்தரவில்லை.

வெண்டல் வெளியே வண்டியில் உட்கார்ந்து, தேடியதும் முதலில் வந்த தளத்தில் படத்தைப் போட்டார். அரை நிமிடத்தில் மாறி வந்தது. படம் முதலில் யாரோ ஒருவருடைய கணினிக்குப் போய், அங்கே மாறித்தான் திரும்புகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. தினமும் நாற்பது பேருக்கு அந்த வழியைச் சொன்ன மார்லீனுக்கும் தோன்றியதில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தார். அவர் பெயரில் வேறு முகவரியிலிருந்து இன்னொரு விண்ணப்பம் வந்திருக்கிறதாம். விசாரணை முடியும்வரை இரண்டும் நிறுத்தம். ஜாய்ஸ் மருந்தைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து நடக்கிறாள் என்று சொன்னார். கோபப்படக்கூட அவரிடம் தெம்பில்லை.

மார்லீன் இரண்டு விண்ணப்பத்தையும் திறந்தாள். இரண்டிலும் ஒரே லைசென்ஸ் படம். ஓரத்தில் அதைப் பிடித்திருந்த கட்டைவிரல்கூட அதேதான், லாரிக் கதவில் நசுங்கிக் கறுத்த நகத்தோடு. அவள் முதன்முறையாக எதிரில் இருந்தவரின் கையைப் பார்த்தாள்.

"இந்தப் படத்த வேற யாருக்கு அனுப்புனீங்க?"

"யாருக்கும் இல்ல. உங்களுக்கு. அப்புறம் நீங்க சொன்னீங்களே, அந்த மாதிரி ஒரு சைட்டுக்கு."

அவள் எழுந்து லைசென்ஸை வாங்கி ஸ்கேனரில் வைத்தாள். உண்மையான ஆளை நேரில் பார்த்தேன், மருந்தை நிறுத்த வேண்டாம் என்று மேலதிகாரிக்கு எழுதி அனுப்பினாள். உத்தரவு வரப் பத்து நாளாவது ஆகும். அந்தப் பத்து நாளை ஜாய்ஸ் எப்படிக் கடப்பாள் என்பதற்கு எந்தக் கவுண்டரிலும் பதில் இல்லை.

அடுத்து வந்த பெண், படம் ஏறமாட்டேன் என்கிறது என்று போனை நீட்டினாள். அவள் வேறொன்றும் சொல்வதற்குள் மார்லீன் கையை நீட்டினாள்.

"போன உள்ள வைங்க, லைசென்ஸ் அட்டையக் குடுங்க. முகம் தெரியாதவன் சைட்ல அட்டையோட படத்தப் போடறதும் ஒண்ணுதான், அட்டைய அவன் கையில குடுத்துட்டு வர்றதும் ஒண்ணுதான். இத நான் முன்னாடியே சொல்லிருக்கணும். என்னோட ரெண்டு நிமிஷ சோம்பலுக்கு, வீட்ல ஒரு பொம்பள பாதி ஊசியோட உக்காந்திருக்கா."