காறை படிந்த பக்கம்

பழைய எலும்புகளை ஆராயும் அந்தக் கூடத்தில் அவளைப் ‘பல்லம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஈராயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்த ஆளின் தாடையைக் கையில் கொடுத்தால் போதும், என்ன தின்றார், எந்தப் பக்கம் வலித்தது என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவாள். கூட வேலை பார்ப்பவர்கள் அவள் எதிரில் வாய்விட்டுச் சிரிக்கவே யோசிப்பார்கள்.

அன்று காலை அவள் மேசைக்கு வந்தது ஓர் ஆணின் கீழ்த்தாடை. இடப்பக்கப் பற்களில் எச்சிலும் அழுக்கும் இறுகிய காறை கல்லாக அப்பிக் கிடந்தது. வலப்பக்கம் தேய்ந்து வழவழவென்றிருந்தது. மெல்லாத பக்கத்தில்தான் காறை அப்படிக் கட்டும். இடது கடைவாய்ப் பல்லுக்கு அடியில், சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியேறிய ஓட்டை.

“இதாலயா செத்தாரு?” என்று கேட்டார் படம் பிடிக்க வந்தவர்.

“இருக்கலாம். சீழ் கழுத்துக்கு இறங்கினா மூச்சை அடைச்சிடும். பாவம், மாசக்கணக்கா ஒரு பக்கமாவே மென்னு தின்னிருக்காரு. கூட உக்காந்து சாப்பிட்டவங்களுக்குக் கண்ணு எங்க போச்சோ.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கணவர் வெல்டிங் பட்டறையிலிருந்து சீக்கிரமே திரும்பி சோபாவில் சாய்ந்திருந்தார். நாள் முழுக்க நெருப்புப் பொறியில் நிற்கிற மனுஷன், பல் டாக்டர் என்றால் மட்டும் காத தூரம் ஓடுவார். அதைச் சொல்லி அவரை ஓட்டுவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். சாப்பாடு வேண்டாம் என்றார். சூடாக எதையோ வாயில் அடக்கிக்கொண்டு பேசுவது போலக் குரல் குழறியது.

“பல்லு வலிக்குதா?”

“போன வாரம் வலிச்சுது. இப்ப சுத்தமா இல்ல. தானா சரியாயிடுச்சு.”

அவள் பையைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்படி ஒரேயடியாக வலி நின்றால் பல் ஆறிவிட்டது என்று நம்பிவிட முடியாது. உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கும், சீழ் அதன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும்.

“ஏங்க, வாயைத் திறங்க.”

ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. உதட்டை விலக்கி, செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். இடப்பக்கம் மஞ்சளாய், கெட்டியாய்க் காறை. வலப்பக்கம் சுத்தமாக இருந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. தாடைக்கு அடியில் தொட்டால் மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தது. அதே செல்போனில் டாக்சிக்குச் சொன்னாள்.

டாக்சியில் போகிற வழியெல்லாம் அவர் மூச்சையே கேட்டுக்கொண்டு வந்தாள். இழுக்கும்போது விசிலடித்தது. சிக்னலில் வண்டி நின்றபோது அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நெருப்புக்கும் அசராதவர் இதுவரை அப்படிப் பிடித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்க வைக்கப் பார்த்தார்கள். படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கழுத்தைத் தொட்டதும் டாக்டரம்மாவின் முகம் மாறியது.

“தொண்டையில துளை போட்டுத்தான் மூச்சு விட வைக்கணும் போல. எத்தனை நாளா பல்லுல பிரச்சினை?”

“ஆறு மாசத்துக்குக் குறையாது.”

“அவர் சொன்னாரா?”

“இல்ல. காறையைப் பார்த்துச் சொல்றேன். இத்தனை நாளும் ஒரு பக்கமாத்தான் மென்னிருக்காரு.”

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார். “வீட்டுல ஒண்ணாத்தானே சாப்பிடுவீங்க?”

தினமும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அவளை வெளியே நிறுத்திவிட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அந்த விசில் சத்தம் வருகிறதா என்று கதவோடு கதவாகக் காதை வைத்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை.