பச்சையில் நிற்கும் முள்

கடைக்காரர் மூன்று பெட்டிகளையும் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தபோது அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கார் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு கருவி, அவ்வளவுதான். அதற்கு ஏன் உள்ளங்கை வியர்க்க வேண்டும்?

"அண்ணி, துணிக்கடையில கூட நீங்க இவ்வளவு நேரம் நின்னு நான் பார்த்ததில்ல" என்றாள் நாத்தனார். அடுத்த தெருக்காரி. தன் காரில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவள், கடையில் இருந்த ஒரே ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"அவசரம்னா நீ கிளம்பு."

"நான் கிளம்பினா யாரு உங்களக் கூட்டிட்டுப் போறது? அண்ணன் கார்தான் தள்ளினாத்தான் போகுமே."

போன வாரம் காலையில் நடந்ததைத்தான் சொல்கிறாள். அவள் கணவர் சாவியைத் திருப்பினார். கார் ரெண்டு தடவை டிக் டிக் என்றது, பிறகு சத்தமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தெருச் சரிவில் வண்டியைத் தள்ளச் சொல்லி, சிரித்துக்கொண்டே ஆபீசுக்குப் போய்விட்டார். அவள்தான் கேட்டைப் பிடித்தபடி நின்றாள். அவள் நினைத்தது ஆபீசை அல்ல. இரண்டு மாதமாக அவர் அடிக்கடி நெஞ்சைத் தடவிக்கொள்கிறார். கேட்டால் கேஸ் என்கிறார். அவர்கள் வீடு மேட்டுத் தெருவின் கடைசியில் இருக்கிறது. வெளியிலிருந்து எந்த வண்டியைக் கூப்பிட்டாலும் வழி தேடிக்கொண்டு நிதானமாகத்தான் வரும். அவர் கை நெஞ்சுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அவள் கண்முன் அந்தக் கார்தான் வந்து நிற்கும், டிக் டிக் என்று.

"இது சிம்பிள்மா" என்று கடைக்காரர் முதல் பெட்டியைத் தட்டினார். "சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகுங்க. பச்சை எரிஞ்சா நல்லா இருக்கு, சிவப்பு எரிஞ்சா இல்ல. இந்த ரெண்டாவது, எத்தனை வோல்ட்டுன்னு நம்பர்ல காட்டும்."

"அது?"

மூன்றாவது ஒரு இரும்புப் பெட்டி. அதிலிருந்து விரல் தடிமனில் இரண்டு வயர்கள், முனையில் முதலை வாய் போன்ற கிளிப்புகள்.

"அது மெக்கானிக்குங்க வாங்குறது. மத்த ரெண்டும் பேட்டரி சும்மா இருக்கும்போது பார்க்கிறது. இது சுமை கொடுத்துப் பார்க்கும். சுவிட்சை அழுத்தினா பேட்டரி பாடுபடணும், தாங்குதா இல்லையான்னு முள்ளு காட்டிடும். பத்து செகண்டுக்கு மேல அழுத்தக் கூடாது, கொதிச்சிடும். உங்களுக்கு எதுக்கும்மா அது, கையச் சுட்டுக்கவா?"

அவள் கை ஏற்கெனவே முதல் பெட்டியின் மேல் இருந்தது. பச்சை விளக்கு அவளுக்குப் பிடித்திருந்தது. சொருகினால் போதும், மனசு ஆறிவிடும்.

பிடித்துப்போன அந்த வேகம்தான் அவளைத் திடுக்கிட வைத்தது. ஒரு இருதய மருத்துவமனையில், டிரெட்மில்லில் ஆட்களை நடக்கவிட்டுத் திரையில் ஓடும் கோடுகளைப் பார்ப்பதுதான் அவள் வேலை. "படுத்திருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. நல்லாத்தானே இருந்துச்சு, இது வேற எதுக்கு?" என்று அலுத்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும், படுத்திருக்கிற இருதயம் எல்லாவற்றையும் சொல்லாது என்று அவள்தான் எடுத்துச் சொல்வாள். ஆனால் சொந்தப் புருஷன் நெஞ்சைத் தடவியபோது என்ன செய்தாள்? சாப்பாட்டு இடைவேளையில் வரச்சொல்லி, கட்டிலில் படுக்கவைத்து, ஒரு இ.சி.ஜி. எடுத்தாள். கோடுகள் அழகாக வந்தன. "பாரு, கேஸ்னு சொன்னேன்ல" என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கேன்டீனுக்குப் போனார்கள். டிரெட்மில் பக்கத்து அறையில்தான் இருந்தது. போகும்போது அந்த அறைக் கதவை அவளே இழுத்துச் சாத்தினாள். ஏன் சாத்தினோம் என்று இன்றுவரை தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"பச்சை விளக்கே எடுத்துக்கோங்க அண்ணி, அழகா இருக்கு" என்றாள் நாத்தனார். "ஆமா, ஒரு கூத்து சொல்ல மறந்துட்டேன். நேத்து அண்ணன் எங்க வீட்டுக்கு வந்தாரே, பாதி மாடிப்படியில அப்படியே உட்கார்ந்துட்டாரு. என்னண்ணேன்னு கேட்டா, ஷூ லேஸ் கட்டறேங்கிறாரு. பார்த்தா காலில செருப்பு! வயசாகுதுல்ல, மறதி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்புக்குத் துணை கிடைக்காமல் அது பாதியில் நின்றது.

"எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்?"

"கொஞ்ச நேரம்தான். ஏன் அண்ணி?"

அவள் முதல் பெட்டியைத் தள்ளி வைத்தாள். "அந்த இரும்புப் பெட்டியையே கொடுங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

நாத்தனார் அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. லீவு நாள் என்பதால் கார் காலையிலிருந்து எடுக்கப்படாமல் நின்றது. அவள் பானெட்டைத் திறந்து, சிவப்பு கிளிப்பை ஒரு முனையிலும் கறுப்பை மறு முனையிலும் கவ்வவிட்டாள். டீ டம்ளரோடு அவர் வெளியே வந்தார்.

"டாக்டரம்மா ஆபரேஷன் பண்றாங்களா? பேஷன்ட் பிழைப்பாரா?"

முள் பச்சையில் நின்றது. அவர் குனிந்து பார்த்தார். "அட, பச்சை! இதுக்காடி இவ்வளவு கலவரம்?"

"இது சும்மா இருக்கும்போது காட்டுறது. பத்து எண்ணுங்க."

அவள் சுவிட்சை அழுத்தினாள். பெட்டி உறுமியது. "ஒண்ணு, ரெண்டு" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவர் ராகம் போட்டார். முள் பச்சையை விட்டு இறங்கியது. மூன்று. மஞ்சளில் ஒரு நொடி தயங்கியது. நான்கு. பெட்டியின் துளைகளிலிருந்து சூடு கிளம்பி, இரும்பு காயும் வாசனை அடித்தது. ஐந்தோடு அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். முள் சிவப்பில் போய் விழுந்தது. அவள் கையை எடுத்தாள்.

பெட்டி அடங்கியது. முள் மெல்ல மெல்ல ஏறி, பழையபடி பச்சையில் வந்து உட்கார்ந்தது.

"பார்த்தியா, ஏறிடுச்சு" என்றார் அவர். குரலில் ராகம் இல்லை.

"டிரெட்மில்ல நடக்கிறத நிறுத்தினா எல்லாருக்கும் கோடு ஏறிடும்." அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கேட்க முடியாது. "செருப்புக்கு எதுக்குங்க லேஸ்?"

டம்ளரை அவர் காரின் விளிம்பில் வைத்தார்.

"சொல்லிட்டாளா அந்த வாயாடி."

"நெஞ்சு வலிச்சுதா?"

"நெஞ்சு இல்ல. அதான் சொல்லல. தாடை. இந்தப் பக்கம், பல்வலி மாதிரி. படி ஏறினா வரும், உட்கார்ந்தா போயிடும். அதுக்குப் போய் உன்ன எதுக்கு பயமுறுத்தணும்?"

தாடை. டிரெட்மில்லில் ஏறுகிறவர்கள் பல்வலி என்று சொன்னவுடன் அவள் கை தானாக இயந்திரத்தை நிறுத்தப் போகும். இருதயத்தின் வலி சில பேருக்கு அங்கேதான் வந்து காட்டும்.

"இப்ப இருக்கா?"

"இப்ப எங்கடி படி ஏறினேன்?"

"இருக்கான்னு கேட்டேன்."

அவர் தெருவைப் பார்த்தார். "மத்தியானத்திலேருந்து கொஞ்சம். உட்கார்ந்தும் போகல."

அவள் கைப்பையில் கார்ச் சாவி இருந்தது. இத்தனை நாளும் இந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். அந்தப் பயத்தின் கற்பனையில் அவள் சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பாள், திரும்பத் திரும்ப. இப்போது சாவியை அவள் தொடவில்லை. முள் எங்கே போய் விழுந்தது என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது. போனை எடுத்தாள்.

"வண்டியத் திருப்பு. உடனே வா. உங்கண்ணன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்... பேசாத, வா."

அவர் பானெட்டை மூடக் கையைத் தூக்கினார்.

"தொடாதீங்க! உட்காருங்க."

அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி பார்க்கத்தான் பிடித்தாள், ஆனால் எண்ண வரவில்லை. ஓடியது அவர் நாடியா, தன் விரல் நாடியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"உன்னோட மெஷின்ல ஏத்துவியா?" என்று கேட்டார்.

"ஏத்த மாட்டேன். வலியோட இருக்கிறவங்கள ஏத்தறதில்ல. நேரா டாக்டர்கிட்ட."

"பயமா இருக்குடி."

இரண்டு மாதத்தில் பயம் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "எனக்கும்" என்றாள்.

தெருமுனையில் நாத்தனாரின் ஹாரன் விடாமல் அலறிக்கொண்டு வந்தது. அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, அடி அடியாக நடத்திக்கொண்டு போனாள். கேட்டைத் தாண்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பானெட் திறந்தே கிடந்தது. கிளிப்புகள் பேட்டரியைக் கவ்விக்கொண்டிருந்தன. முள், எதுவுமே நடக்காதது போல, பச்சையில் நின்றுகொண்டிருந்தது.