சுகிர்தராணியின் காப்பகம்

அக்காவுக்கு உடுத்த வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு லீமா காப்பகத்தின் கதவைப் பூட்டத் திரும்பியபோது, வாசலில் நான்கு பெண்கள் பிள்ளைகளோடு நின்றிருந்தார்கள். சனிக்கிழமை, காலை ஆறரை மணி.

வியாழக்கிழமை மதியம் இதே கூடத்தில், ஒரு குழந்தைக்குச் சோறூட்டியபடியே அக்கா சுகிர்தராணி சரிந்து விழுந்து இறந்திருந்தாள். உடல் ஆஸ்பத்திரியில் இருந்தது. இன்று மதியம் ஒரு மணிக்குப் பெட்டியை மூடி, ஊருக்கு அனுப்ப விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

தையல் கடையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துச் சிவகொழுந்துதான் முதலில் பேசினாள். "கேக்கிறதே பிழை, தெரியும் தங்கச்சி. வேறெங்கை விடுறது? இண்டைக்குப் போகாட்டில் ஆளை மாத்திப் போடுவினம்."

அவள் மகள் ஏற்கெனவே உள்ளே ஓடி, சுகிர்தராணியைத் தேடிச் சமையலறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உதவிக்கிருந்த பெண்ணும் லீவில் ஊருக்குப் போயிருந்தாள். லீமா சேலையை மேசைமேல் வைத்தாள்.

ஏழரைக்குள் பதினொரு பிள்ளைகள் சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் வீட்டுவேலைக்காரிகளின், துப்புரவுக்காரிகளின் பிள்ளைகள். மூன்று வருடமாகச் சுகிர்தராணி ஒருத்தியிடமும் கட்டணம் வாங்கியதில்லை. "நர்சுக்குப் படிச்சிட்டு ஊரான் பிள்ளைக்குப் பீ அள்ளுதியாக்கும்?" என்று கேட்டவள் லீமாதான். அக்கா அடுத்த குழந்தையைக் கழுவத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஒன்பது மணிக்கு, அந்த வளைகுடா நகரத்துத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் அனந்தகிருஷ்ணன் மலர்வளையத்தோடு படியேறி வந்தார். பின்னால் ஒரு போட்டோகிராபர். அத்தர் வாசனை அவருக்கு முன்பே வந்து கூடத்தில் நின்றது.

காப்பகத்தின் லைசென்சுக்குப் பொறுப்பாளர் கையெழுத்து ஒன்று கேட்டு அக்கா இந்த மனிதரின் அலுவலகத்துக்கு ஒன்பது தடவை நடந்தாள். "வேலைக்காரி பிள்ளைகளுக்கு நர்சரி எதுக்கும்மா? ஊர்ல விட்டுட்டு வரச் சொல்லு" என்றார். கடைசியில், அந்நாட்டுக்காரியான வீட்டுக்காரக் கிழவி ஜொஹராதான் எதுவும் கேட்காமல் கைநாட்டு வைத்தாள்.

"பெரிய இழப்பும்மா. நாங்க எல்லாம் சேர்ந்து வளர்த்த காப்பகம்" என்றார் அவர், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே. "துக்கத்துக்கு ஒரு வாரம் மூடிடுவோம். பெயின்ட் அடிச்சு, சங்கத்துப் பேரிலேயே திறப்போம். மெம்பர்ங்க குழந்தைகளையும் சேர்க்கணும் இல்லையா? கொஞ்சம் டீசன்டா இருக்கும்."

"அப்ப இதுக?"

"பார்க்கலாம். முதல்ல குழந்தைகளை வரிசையா நிக்க வைம்மா, ஒரு போட்டோ."

லீமா அவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். இவருடைய 'பார்க்கலாம்' என்ற வார்த்தைக்காகவா அக்கா அத்தனை வெயிலில் நடந்தாள்? தரையில் அழுதுகொண்டிருந்த கைக்குழந்தையைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

"பிடிங்க சார். பேதி. கழுவத் தண்ணி கொண்டு வாறேன். வளத்தவரு நீங்கதான, உங்களுக்குப் பழக்கம் இருக்கும்."

வெள்ளைச் சட்டையில் மஞ்சளாய் இறங்கியது. அவர் குழந்தையை எட்டப் பிடித்துக்கொண்டு, "யாராவது வாங்கித் தொலைங்கய்யா!" என்று கத்தினார். போட்டோகிராபர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு சுவரைப் பார்த்தார். லீமா நிதானமாக வாளியோடு வந்து, குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"பூவையும் எடுத்துட்டுப் போங்க. புள்ளைக வாயில வச்சிரும்."

அவர் இறங்கிப்போன கொஞ்ச நேரத்தில், அவருடைய டிரைவர் கௌஸ் முகம்மது தனியாக மேலே வந்து, மேசைமேல் இருந்த வெள்ளைச் சேலையைப் பார்த்தார்.

"சேலையக் குடும்மா. ஐயாவ வீட்ல விட்டுட்டு ஆஸ்பத்திரில குடுத்துர்றேன்."

லீமா கொடுத்தாள். அவளும் அதே ஆஸ்பத்திரியில் நர்சுதான்; உடன் வேலை பார்க்கும் நர்சுகள் உடுத்திவிடுவார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்கு டெலிபோன் அடித்தது. வார்டில் இருந்து ஒரு தோழி.

"உடுத்தியாச்சு லீமா. பெட்டிய மூடப் போறாங்க. முகம் பாக்க வரலியாடி?"

தாய்மார்கள் வர இரண்டு மணியாகும். பதினொன்றும் தட்டுகளின் முன்னால் உட்கார்ந்திருந்தன.

"நீங்களே ஜெபம் சொல்லி மூடிருங்க" என்றாள் லீமா.

ரிசீவரை வைத்துவிட்டு வந்து சிவகொழுந்தின் மகள் முன் உட்கார்ந்தாள். பருப்புச் சோற்றைப் பிசைந்து, ஒரு உருண்டை உருட்டி, சூடு ஆறட்டும் என்று ஊதினாள்.