பொட்டு வைத்த பெட்டி

கூடாரத்துக்காரன் நாலாவது காற்றாடியையும் அதே ஒயரில் செருகியதும் வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஒப்பாரி ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. யாரோ ஓடிப்போய் மெயினைத் தூக்கிவிட, ஹாலில் கிடத்தியிருந்த குணாளனின் முகத்துக்கு மேல் விளக்கு திரும்ப எரிந்தது. நேற்றுக் காலை குளியலறையில் விழுந்தவர், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

தங்கை யோகேஸ்வரி அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கபீர் குனிந்து வந்தான். அவர்களுடைய கம்பெனி லாரிகளை அனுப்புவது அவன் பொறுப்பு.

"அக்கா, கரண்ட் போனதுலேருந்து சர்வர் எழுந்திரிக்கல. லாரியெல்லாம் பாசிர் கூடாங் போர்ட் கேட்டுல நிக்குது. எந்தக் கண்டெய்னர் எங்க போவுதுன்னு ஒண்ணும் தெரியல லா."

"ஸ்டாண்ட்பை இருக்குல்ல? அதுவா ஏறிக்கும்."

"ஏறலக்கா."

அவள் எழுந்து பின்னறைக்குப் போனாள். அதுதான் ஆபீஸ். அண்ணனுக்குக் கம்ப்யூட்டர், தங்கைக்கு வாடிக்கையாளர்கள் என்று பிரித்துக்கொண்ட தொழில். அலமாரியில் கறுப்பாக இரண்டு பெட்டிகள். மேலது படுத்துவிட்டால், கீழது யாரும் தொடாமலே வேலையை எடுத்துக்கொள்ளும். எல்லாப் பதிவுக்கும் அதில் ஒரு நகல் இருக்கும். குணாளன் அப்படித்தான் சொல்லியிருந்தார். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் இரண்டையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பார். கீழ்ப் பெட்டிக்குப் பொட்டு கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்.

"டெஸ்ட் பண்ணீங்களாண்ணே?" என்று மாதாமாதம் கேட்பாள்.

"பண்ணியாச்சு லா. நான் செத்தாக்கூட ஒண்ணும் நிக்காது."

அந்த வார்த்தையை நம்பித்தான் போன மாதம் சிங்கப்பூர் கம்பெனிக்காரரிடம், எங்களிடம் எதுவும் நிற்காது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அந்த வேலை கைவிட்டுப் போனால் பாதி டிரைவர்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

மேல் பெட்டி செத்துக் கிடந்தது. கீழ்ப் பெட்டியில் பச்சை விளக்கு ஜோராக எரிந்தது. பின்னால் கைவிட்டுத் துழாவினாள். கரண்ட் ஒயர் மட்டும் இருந்தது. இரண்டு பெட்டிகளையும் இணைக்க வேண்டிய ஒயர் பிளாஸ்டிக் பைகூடப் பிரிக்கப்படாமல் அலமாரிக்குப் பின்னே தூசியில் கிடந்தது. மேல் பெட்டியின் திரையைப் பிடுங்கிக் கீழ்ப் பெட்டியில் மாட்டினாள். கடையிலிருந்து வந்த புதுக் கம்ப்யூட்டர் முதன்முதலில் கேட்கும் கேள்வியை அது கேட்டது: எந்த மொழி வேண்டும்?

வாங்கிய நாளிலிருந்து நாலு வருஷமாகப் பூசையை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆள் வைத்துச் செய்திருப்பாளே. தெரியாததைக்கூட மன்னித்துவிடலாம். முகத்துக்கு நேரே "பண்ணியாச்சு" என்றாரே, அதை நினைத்தபோதுதான் வயிறு எரிந்தது. நேற்றிலிருந்து அழுத அழுகையெல்லாம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. கட்டைவிரலால் அந்தப் பெரிய பொட்டை அழுத்தித் தேய்த்தாள். குங்குமம் விரலில் ஒட்டிக்கொண்டது.

"வாய்க்கரிசி போடுறவங்க வாங்க" என்று குரல் வந்தது.

ஹாலில் அண்ணி தேன்மொழி யாரிடமோ அழுதுகொண்டிருந்தாள். "தான் போனாலும் கம்பெனி நிக்கக்கூடாதுன்னு ரெண்டு பெட்டி வச்ச மனுசன்... எதையும் பாதியில விடவே மாட்டாரே..."

வாசலருகே நின்ற கபீர் கண்ணாலேயே கேட்டான். யோகேஸ்வரி அண்ணியை ஒருதரம் பார்த்துவிட்டு அவனிடம் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"லாரியையெல்லாம் திரும்பி வரச் சொல்லு. சிங்கப்பூர்காரர்கிட்ட நானே பேசிக்கிறேன்."

"அலமாக்..." என்று தலையில் கைவைத்தான். "அப்ப ஸ்டாண்ட்பை?"

"அண்ணிக்குத் தெரிய வேணாம்."

ஈர அரிசியைக் கையில் அள்ளிக்கொண்டு அண்ணன் முகத்தருகே குனிந்தாள். நன்றாக ஷேவ் செய்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்கள். அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"டெஸ்ட் பண்ணீங்களாண்ணே?"

அவள் அழுகிறாள் என்று நினைத்துத் தேன்மொழி முதுகைத் தடவிக் கொடுத்தாள். மூடிய உதட்டின்மேல் விழுந்த அரிசியில் நாலைந்து மட்டும் சிவந்திருந்தன.