அடுத்தவர் சீட்டு

எங்கள் தெருவில் கீழே ஒரு தியேட்டர், டிரம்ஸ் அடித்துப் பழகுகிற ஒரு ஹால், நாலு சாப்பாட்டுக் கடை, ஒரு விளையாட்டுக் கூடம், மூலையில் என்னுடைய மூக்குக் கண்ணாடிக் கடை. மேலே மூன்று மாடியும் வீடுகள். சாயங்காலமானால் ஊரே இங்கே சிரிக்க வரும். சிரித்து முடித்ததும் அது வீட்டுக்குப் போய்விடும், எங்களுக்குப் போக இடமில்லை, எங்கள் வீடே இங்கேதான். இதனால் வந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. புகார்களைப் படித்துப் படித்து அலுத்துப்போன நகராட்சி, நீங்களே கூடி உட்கார்ந்து திட்டம் போடுங்கள் என்று சொல்லி ஒரு திட்ட அதிகாரி அம்மாவை அனுப்பிவைத்தது.

அந்த அம்மா லேசுப்பட்டவர் இல்லை. விளையாட்டுக் கூடத்து மேசைப்பந்து மேசையில் வலையைக் கழற்றிவிட்டு, தெருவின் வரைபடத்தை விரித்தார். அதன் கீழே இருபத்துநாலு மணி நேரத்துக்கும் கட்டங்கள். பிறகு தியேட்டர், ஹால், சாப்பாட்டுக் கடைகள், குடியிருப்பவர்கள் என்று எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

"இனிமே யாரும் தனக்காகக் கேக்கக் கூடாது. கையில எந்தச் சீட்டு இருக்கோ, அவங்களுக்காகத்தான் கேக்கணும். அவங்க இடத்துல நின்னு யோசிங்க."

குடியிருப்பவர்களின் பிரதிநிதியாகப் போனவன் நான். எனக்கு வந்ததோ டிரம்ஸ் ஹால் சீட்டு. எங்கள் சீட்டு யாருக்குப் போனது தெரியுமா? அதே ஹாலின் சொந்தக்காரருக்கு. தெருவில் அவருக்கு டமாரம் என்று பெயர். அவருடைய ஹால்தான் தெருவையே அதிரவைக்கும், ஆனால் மனிதர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, அவ்வளவு மெல்லிய குரல். ஹாலுக்கு மட்டும் முதல் மாடியிலும் ஓர் ஒத்திகை அறை உண்டு, சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் படுக்கையறை, அந்தப் பக்கம் அது. ஆறு வருடமாகப் படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இரண்டு பேர் நாங்கள்.

எனக்கு ஒரு கெட்ட குணம். வாதம் என்று ஒன்று கையில் கிடைத்தால், யாருக்காகப் பேசுகிறேன் என்பது மறந்துவிடும், ஜெயிக்கத் தோன்றிவிடும். அன்றைக்கு ஹாலுக்காக நான் பேசிய பேச்சை டமாரமே வாய் பிளந்து கேட்டார். சாயங்காலம் ஐந்திலிருந்து ராத்திரி பதினொன்று வரை ஒத்திகை நடப்பதால்தானே தகராறு? ராத்திரி ஏழு மணிக்கே மூடச் சொல்வோம், அதற்குப் பதிலாகப் பகல் பத்திலிருந்து திறந்து வைத்துக்கொள்ளட்டும் என்றேன். தியேட்டர் மேனேஜர் லேசாக இழுத்தார்.

"பகல்ல சத்தம் யாருக்கும் தொந்தரவா இருக்காதா?"

"பகல்ல யாரு சார் தூங்குறா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குடியிருப்பவர்களுக்காக டமாரம் கேட்டதும் நியாயமாகத்தான் இருந்தது. ராத்திரி படிக்கிற பிள்ளைகளுக்கு அமைதி வேண்டும், குப்பை வண்டி விடியற்காலையில் வரக் கூடாது என்றார். அதிகாரி அம்மா ஒரு மாதம் சோதித்துப் பார்ப்போம் என்று கட்டங்களில் பென்சிலால் வண்ணம் தீட்டினார். கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு என் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே என் பிரதாபங்களைக் கேட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், பன்னிரண்டு வருடமாக ராத்திரி ஷிப்ட். காலை எட்டு மணிக்கு வருவாள், குளித்துவிட்டு ஒன்பதுக்குப் படுத்தால் மூன்று மணிக்கு எழுந்திருப்பாள். அந்த நேரத்தில் நான் கடையில் இருப்பேன்.

"எத்தனை மணியிலேர்ந்துன்னு சொன்னீங்க?"

"பத்து" என்று சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது.

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுற ஆளு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் பத்து மணிக்குச் சுவர் அதிர்ந்தது. காதில் பஞ்சு வைத்தாள். தலையணையைத் தலைக்கு மேல் வைத்தாள். என் கடையின் பின்னறையில் பாய் போட்டுக் கொடுத்தேன். வாடிக்கையாளர்கள் எழுத்துகளை உரக்கப் படிக்கிற இடத்தில் யார் தூங்குவார்கள்? ஒரு வாரத்தில் அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. அதற்கடுத்த வாரம் ஒரு காலை வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கிவைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பதினாலாம் படுக்கைக்குப் போட வேண்டிய ஊசிய பதினஞ்சுக்கு எடுத்துட்டுப் போயிட்டேங்க. கூட இருந்த பொண்ணு பாத்துட்டா. பாக்கலேன்னா?"

அவள் தோளிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தேன்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நானே வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன். யாரும் சொல்ல வேண்டாம்."

அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். என் வாய்க்கொழுப்பு அதைப் பறிக்கப் பார்க்கிறது என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அதிகாரி அம்மாவுக்குப் போன் செய்தேன். மாற்றம் வேண்டுமென்றால் குடியிருப்பவர்கள் சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவர் கேட்கட்டும் என்றார். வேறு வழியில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஹால் படியேறினேன். டமாரம் ஒரு டிரம்முக்குத் தோல் இழுத்துக்கொண்டிருந்தார். சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எனக்காக அன்னிக்கு நீங்க அடிச்ச அடியில நான் அசந்தே போயிட்டேன் சார். இப்ப அதையே மாத்தச் சொல்லி நான் எனக்கு எதிரா கேக்கணுமா?" என்றார் அந்த மெல்லிய குரலில். "சீட்டு என் கையில இருக்கு, மாட்டேன்னு சொல்லல. ஆனா பகல்ல தூங்கித்தான் ஆகணும்னு ஒருத்தர நான் பாத்ததில்ல. அவங்களையே வரச் சொல்லுங்க. வாயால கேட்டா எனக்கும் புரியும், மத்தவங்களுக்கும் புரியும்."

அடுத்த கூட்டம் பகல் பதினொன்றுக்கு. வழக்கமாக அந்த நேரத்தில்தான் கூட்டம் வைப்போம், அது ஒருத்தர் தூங்குகிற நேரம் என்று அதுவரை யாரும் யோசிக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தவள் சீருடையை மாற்றாமல் என்னோடு வந்தாள். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். முதலில் சாப்பாட்டுக் கடைகளின் சரக்கு வண்டிகள் எங்கே நிற்பது என்ற விஷயம் வந்தது. அதில் தியேட்டர் மேனேஜர் பேச ஆரம்பித்தால் இடைவேளை விட மாட்டார்.

பத்து நிமிடத்தில் என் தோளில் பாரம் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, தாள் மடியிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. எழுப்பலாமென்று கையை எடுத்தேன்.

"வேண்டாம்" என்று டமாரம் சைகை காட்டினார்.

மேனேஜர் அதற்குள் குரலைத் தாழ்த்திவிட்டார். அவர் தாழ்த்தியதும் எதிரே இருந்தவரும் தாழ்த்தினார். யாரோ நாற்காலியை இழுக்கப்போய்த் தூக்கி வைத்தார். கூடத்துச் சுவருக்கு அப்பால், ஹாலில் அப்போதுதான் வந்த யாரோ டிரம்மில் கை வைத்தார்கள், ஒரே ஒரு உருட்டு. அவளுக்குத் தூக்கத்திலேயே தூக்கிவாரிப்போட்டது. எழவில்லை, ஆனால் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

டமாரம் எழுந்து போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். தன் கையில் இருந்த சீட்டை மேசையில் வைத்தார்.

"குடியிருக்கிறவங்களுக்காகக் கேக்குறேன். ஒன்பதுலேர்ந்து மூணு வரைக்கும் இவங்க வீட்டுச் சுவர் பக்கம் டிரம்ஸ் கூடாது."

"அப்ப உங்க ஹால்?" என்று கிசுகிசுத்தார் அதிகாரி அம்மா.

டமாரம் என்னைப் பார்த்தார். ஹால் சீட்டு என்னிடம் இருந்தது. அன்றைக்கு அவ்வளவு பேசிய நான் இப்போது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர்தான் தொண்டையைக் கனைக்காமல் கனைத்தார்.

"காலையில என் தியேட்டர் சும்மாதானே கெடக்கு? முதல் ஷோ ரெண்டரைக்கு. சுவரெல்லாம் மெத்தை அடிச்சிருக்கு, வெளியில ஊசி விழுந்த சத்தம்கூட வராது. அங்க வந்து அடிக்கட்டும்." பிறகு சந்தேகத்தோடு அதிகாரி அம்மாவைப் பார்த்தார். "இத நான் சொல்லலாமா மேடம்? தியேட்டர் சீட்டு என்கிட்ட இல்லையே."

"கேக்கத்தான் கூடாது, குடுக்கலாம்" என்றார் அவர். அழிப்பானை எடுத்து, சத்தம் வராமல் அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தார். மேசைமேல் விழுந்த தூளை ஊதக்கூட இல்லை, விரலால் தள்ளினார்.

கூட்டம் கலையும்போது அவள் விழித்தாள். பதறிக்கொண்டு தாளைத் தேடினாள்.

"என்னைக் கூப்பிட்டாங்களா? நான் பேசணுமே!"

டமாரம் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். "நீங்க பேசியாச்சும்மா. நல்லா வெளங்கிடுச்சு. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். மாடிக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தேன். சுவர் சும்மா இருந்தது. அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன், யாராவது வந்து அழைப்புமணியை அடித்துவிடப் போகிறார்களே என்று.